உண்மை, பொய், சொல்லப்படவில்லை

ஏப்ரல் 6

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ரூபிணியைத் தினமும் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறேன். தான் செய்யாததை மகளுக்குச் சொன்னான் என்ற பேச்சு நாளைக்கு வரக்கூடாது. நான் ஏன் தமிழில் எழுதுகிறேன் என்றால், எனக்கு ஆங்கிலப் பயிற்சி தேவையில்லை.

நிலவரத்தைப் பதிவு செய்துவிடுகிறேன். என் மகள் ஹேமரூபிணிக்குப் பதினெட்டு வயது. எங்கள் ஊர் குளுவாங்கில் சீனத் தொடக்கப்பள்ளியில் ஆறு வருடம், சீனத் தனியார் இடைநிலைப்பள்ளியில் ஆறு வருடம் படித்து முடித்துவிட்டாள். ஏழு வயதில் அவளை அங்கே சேர்த்தபோது என் அண்ணன் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். "இன்னும் இருபது வருஷத்துல உலகமே சீனம் பேசும், பாத்துக்கிட்டே இருங்க" என்றேன். இப்போது என் மகள் சீனம் பேசுகிறாள். உலகம் இன்னும் ஆங்கிலம்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்க அவளுக்கு இடம் உண்டு. ஆனால் ஐஎல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வில் ஆறரை வேண்டும். சென்ற டிசம்பரில் ஒரு முறை எழுதினாள். பேச்சு, எழுத்து, கேட்டல் எல்லாவற்றையும் சமாளித்துவிட்டாள். வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் மட்டும் ஐந்து.

"புரியுதுப்பா. ஆனா மெதுவாத்தான் புரியுது" என்றாள்.

ஜூன் பதினான்காம் தேதி ஜொகூர் பாருவில் மறுபடியும் தேர்வு. பத்து வாரம் இருக்கிறது. பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7

அட்டவணை தயாரித்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். காலையில் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கம். பகலில் இருபது புதிய சொற்கள். மாலை ஏழு முதல் எட்டு வரை வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது. இது என் மனைவி லீலாவுக்கும் பொருந்தும்.

"எனக்கு எதுக்குங்க? நானா பரீட்ச எழுதப் போறேன்?"

"சூழ்நிலை வேணும் லீலா. சூழ்நிலைதான் முக்கியம்."

ஏப்ரல் 8

ஏழு முதல் எட்டு வரை வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. விதி மீறப்படவில்லை. நல்ல தொடக்கம்.

ஏப்ரல் 13

முதல் மாதிரித் தேர்வு. மூன்று கட்டுரைகள், நாற்பது கேள்விகள், ஒரு மணி நேரம். அவளுக்குத் துணையாக நானும் உட்கார்ந்து எழுதினேன்.

முதல் கட்டுரை குடையின் வரலாறு. அதன் கீழே சில வாக்கியங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாக்கியமும் கட்டுரையின்படி உண்மையா, பொய்யா, அல்லது அதில் சொல்லப்படவே இல்லையா என்று குறிக்க வேண்டும். இந்த மூன்றாவது வகை எனக்குப் பிடிபடவில்லை. ஒரு விஷயம் உண்மையாக இருக்கும், இல்லாவிட்டால் பொய்யாக இருக்கும். நடுவில் இன்னொரு கட்டத்தை வைத்துப் பிள்ளைகளைக் குழப்புகிறார்கள்.

லண்டன் ஆண்கள் முதலில் குடை பிடிக்க வெட்கப்பட்டார்களாம். மனைவிமார் கேலி செய்ததால்தான் வெட்கப்பட்டார்கள் என்று ஒரு வாக்கியம். உண்மை என்று குறித்தேன். விடைப் பக்கத்தில் 'சொல்லப்படவில்லை' என்று போட்டிருந்தது.

"வேற யாரும்மா கேலி பண்ணியிருப்பாங்க?"

"அது பாசேஜ்ல இல்லப்பா."

"இல்லாட்டி என்ன? தெரிஞ்ச விஷயந்தானே."

"நீங்க பாசேஜப் படிக்கல. ஒங்களுக்குத் தெரிஞ்சதப் படிக்கிறீங்க."

அவளுக்கு நாற்பதுக்கு இருபது. என்னுடையதை நான் கூட்டிப் பார்க்கவில்லை. துணைக்கு எழுதியவன்தானே.

ஏப்ரல் 19

அவளுடைய பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். ஆங்கில வரிகளுக்கு இடையே, ஓரங்களில், அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி பென்சிலில் சீன எழுத்துகள்.

"இதனாலதான் மெதுவாப் போற. இங்கிலீஷ்லயே யோசிக்கணும்."

"நீங்க எதுலப்பா யோசிப்பீங்க?"

"நான் யோசிக்கிறதில்ல. நேரடியாப் படிச்சிடுவேன்."

லீலா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழிப்பான் கொடுத்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். அழித்தாள். அழித்த இடத்திலும் எழுத்தின் தடம் தெரிகிறது. பென்சிலை அத்தனை அழுத்திப் பிடிக்கிறாள்.

ஏப்ரல் 24

குளித்துவிட்டு வந்தபோது அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம். லீலாவும் ரூபிணியும் சீனத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். லீலா சந்தை வீதியில் ஒரு சீனரின் திரைச்சீலைக் கடையில் பத்து வருடமாகத் தைக்கிறாள். அங்கே பழகிய பேச்சு. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வாய் சரளமாக ஓடும்.

மணி ஏழேகால். விதியை நினைவுபடுத்தினேன். இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

என்ன நகைச்சுவை என்று கேட்டேன். ஆங்கிலத்தில் சொல்ல வராது என்றார்கள்.

ஏப்ரல் 30

நகராண்மைக் கழகத்தில் லைசன்ஸ் பிரிவு முகப்பு மேசையில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். புதிதாக ஓர் அதிகாரி வந்திருக்கிறார். பெண், இருபத்தாறு வயதிருக்கும். நேற்று நான் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதத்தை இன்று ஏழு இடத்தில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். "அங்கிள், மலாய்லயே எழுதுங்க, பரவாயில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டிய அவசியமில்லை.

இக்காலத்துக் கணினிகள் எதற்கெடுத்தாலும் கோடு போடுகின்றன.

வீட்டுக்கு வந்து ரூபிணிக்கு இருபது சொற்களை நாற்பதாக்கினேன்.

மே 6

ரூபிணிக்கு ஒரு பெரிய உறை வந்தது. மேலே முழுக்கச் சீன எழுத்து. கேட்டருகே நின்றபடியே பிரித்துப் படித்தாள். அப்புறம் ஓடிப் போய் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் கடிதம் பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது.

"என்னம்மா அது?"

"அப்பா, ஒங்ககிட்ட ஒன்னு பேசணும்..."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஐந்து. "இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன்.

அப்படியே நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் "லேட்டர்" என்றாள்.

"லேட்டர் இல்லம்மா, லெட்டர்" என்று உச்சரிப்பைத் திருத்தினேன்.

தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். இம்மாதிரி சின்னச் சின்னத் தவறுகளை அப்போதைக்கப்போதே திருத்திவிட வேண்டும்.

மே 13

இன்று முகப்பில் ஒரே கூட்டம். கோழிச் சோற்றுக் கடை லைசன்ஸுக்கு ஒருவர் விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொண்டுவந்தார். மூன்றாம் பக்கத்தில் என்ன நிபந்தனை என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். படிக்காமல் கையெழுத்துப் போடுவது மக்களிடம் பரவியிருக்கும் ஒரு வியாதி.

மாலையில் ரூபிணி ஒரு தாளை நீட்டினாள். சீனத்தில் இருந்தது. கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு.

"படிச்சிட்டுப் போடுங்கப்பா."

"அப்பாவுக்குச் சீனம் எங்கம்மா தெரியும்?" என்று சிரித்தேன்.

"நான் படிச்சிக் காட்டறேன்."

"வேணாம், வேணாம். பன்னெண்டு வருஷமா போடற கையெழுத்துதானே."

அவள் தாளை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு ஓய்வு தேவை என்று நினைக்கிறேன். நாளைக்குச் சொற்களை முப்பதாகக் குறைக்கலாம்.

மே 18

நான்காவது மாதிரித் தேர்வு. அவளுக்கு இருபத்தாறு. என் முறை பலிக்கிறது.

இன்று என்னுடையதைக் கூட்டிப் பார்த்தேன். பதின்மூன்று. புத்தகத்தின் விடைப் பக்கத்தில் பிழைகள் இருக்கின்றன. பதிப்பகத்துக்கு எழுதப் போகிறேன்.

மே 30

அடுப்படிக் குழாய் ஒழுகியது. நாலாவது வீட்டு ஆ செங் வந்து சரி செய்து கொடுத்தார்.

ஜூன் 1

முந்தாநாள் எழுதியதில் ஒன்று விடுபட்டுவிட்டது. எழுதிவிடுகிறேன்.

ஆ செங் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். எங்களோடு மலாயில் பேசுவார். குழாயை முடுக்கிவிட்டுக் கை துடைத்துக்கொண்டே பிரிட்ஜ் பக்கம் திரும்பினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தனா! ஒரு வார்த்த சொல்லலியே! தைவான் யுனிவர்சிட்டி! அதுவும் சீன இலக்கியம்! எங்க சீனப் பிள்ளைங்களுக்கே அதுல எடம் கெடைக்கிறது கஷ்டம்."

"ஆமா, ஆமா. சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றேன்.

"முழு ஸ்காலர்ஷிப்பு வேற. ஒங்களுக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கும்!"

"ரொம்ப."

அவர் போன பிறகு பிரிட்ஜ் முன்னால் நின்றேன். இருபத்து நாலு நாளாக அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதவைத் திறந்துதான் தினமும் தண்ணீர் எடுக்கிறேன்.

நேற்று முழுவதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்று மத்தியானச் சாப்பாட்டின்போது கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். எத்தனை நாளாக என்னை ஏமாற்றுகிறீர்கள் என்றேன். யாருக்கும் தெரியாமல் விண்ணப்பம் போட்டு, ஒளித்து வைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு...

ரூபிணி கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"நான் ஒளிச்சி வைக்கலப்பா. பிரிட்ஜ்லதான் ஒட்டி வச்சேன்."

"சீனத்துல இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருக்கலாமில்ல? மொத நாள் சொல்ல வந்தேன். இங்கிலீஷ்ல சொல்லுன்னீங்க. படிச்சிக் காட்டறேன்னேன். வேணாம்னீங்க."

"அதான் கையெழுத்து வாங்கியாச்சே. அப்புறம் எதுக்கு இந்தப் பரீட்ச நாடகம்?"

உள்ளே போய் அந்தப் பாரத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். என் கையெழுத்து அழகாக இருந்தது. அனுப்பப்படவில்லை.

"இருவதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. படிக்காம போட்ட கையெழுத்த எப்படிப்பா அனுப்பறது?"

சீனத்தை நான் தொழிலுக்காகப் படிக்க வைத்தேன். வங்கியில் வேலை கிடைக்கும், கம்பெனியில் மதிப்பிருக்கும், முதலாளிகளோடு பேசலாம். அந்த மொழியில் கவிதை படிக்கவா பன்னிரண்டு வருடம் பள்ளி வேனுக்கு எழுப்பிவிட்டேன்? இதையும் சொன்னேன். ஒரு தமிழ்ப் பெண் தைவானில் போய்ச் சீனர்களுக்குச் சீன இலக்கியம் படித்துக் காட்டப் போகிறாளா என்றும் கேட்டேன்.

"ஆமாப்பா" என்றாள்.

ஜூன் 3

எழுத ஒன்றுமில்லை. ஏழு முதல் எட்டு வரை மட்டுமல்ல, நாள் முழுவதும் வீட்டில் யாரும் பேசவில்லை.

ஜூன் 5

அவள் சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். நான் கேட்டதே இல்லையா?

அலமாரியில் அவளுடைய பள்ளி மதிப்பெண் அட்டைகள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றுகூடத் தொலைக்கவில்லை. பாடங்களின் பெயர் மலாயிலும் இருக்கும், எனவே மதிப்பெண் எனக்குப் புரியும். அடியில் வகுப்பாசிரியர் கையால் எழுதும் இரண்டு மூன்று வரிகள் மட்டும் சீனத்தில் இருக்கும். அதற்கும் கீழே என் கையெழுத்து. கணக்கு தொண்ணூறுக்கு மேல் என்றால் நான் அடுத்த வரிக்குப் போனதில்லை.

அட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆ செங் கடைக்குப் போனேன். கடையில் யாரும் இல்லை. ஆணி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க."

"இப்பவா? இதெல்லாம் பழசாச்சே."

"பழசுதான்."

அவர் ஒவ்வொன்றாகப் படித்து மலாயில் சொன்னார். நான் என் குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். அதிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

முதல் வகுப்பு, நடுவாண்டு: 'எழுத்து வேலை நன்று. வகுப்பில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. வீட்டில் பேசுகிறாளா என்று பெற்றோர் தெரிவிக்கவும்.' கையொப்பம்: தனபாலன்.

முதல் வகுப்பு, இறுதி: 'இன்னும் பேசவில்லை. இடைவேளையில் தனியாக நிற்கிறாள். பெற்றோர் ஒரு முறை வந்து என்னைச் சந்திக்கவும்.' கையொப்பம்: தனபாலன்.

இரண்டாம் வகுப்பு, நடுவாண்டு: 'சென்ற ஆண்டு ஆசிரியை இரண்டு முறை எழுதியும் பெற்றோர் வரவில்லை. கழிவறைக்குப் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் வகுப்பிலேயே...'

ஆ செங் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேல படிங்க" என்றேன்.

"அதான், தனா. ஒங்களுக்கே புரியுதுல்ல."

அதன் கீழும் என் கையெழுத்து இருந்தது. அந்த வருடம் அவள் கணக்கில் தொண்ணூற்று நாலு.

மூன்றாம் வகுப்பு அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இது நல்லா இருக்கு. 'இவ்வருடம் பேச ஆரம்பித்துவிட்டாள். நன்றாகச் சிரிக்கிறாள். தாயாரின் முயற்சிக்கு என் நன்றி.'"

"யாரு முயற்சிக்கு?"

"தாயார். அம்மா."

மீதி அட்டைகளை அவர் படிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கோப்பி வாங்கிக் கொடுத்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

ஜூன் 6

லீலாவிடம் கேட்டேன். அவள் ரூபிணியின் பள்ளிச் சட்டைகளைத் தர்மத்துக்குக் கொடுக்க மடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் ஒரு நாளு என்னைய ஸ்கூல் கேட் கிட்ட நிறுத்திப் பேசினாங்க. மலாய்லதான் பேசினாங்க. புள்ளைக்கு வகுப்புல ஒன்னுமே புரியல, வீட்டுல யாராச்சும் அவகிட்ட சீனத்துல பேசினா நல்லதுன்னாங்க. நம்ம வீட்டுல யாரு இருக்கா பேசறதுக்கு?"

"அதனால?"

"அதனாலதான் திரைச்சீலக் கடைக்குப் போனேன். சம்பளத்துக்குன்னு நெனச்சீங்களா? தைக்கத் தெரியாமத்தான் போய்ச் சேந்தேன். அங்க நாலு வார்த்த கத்துக்கிட்டு வந்து இங்க அவகிட்டப் பேசுவேன். அவ சிரிப்பா. நான் சொல்றது தப்புன்னு திருத்துவா. அப்படித்தான் வாயத் தொறந்தா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

லீலா ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "சொன்னேங்க. ரெண்டு மாசத்துல பழகிடும், கணக்குல எவ்ளோ வாங்கியிருக்கா பாருன்னீங்க."

எனக்கு அப்படிச் சொன்னதாக நினைவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்தேன். பாதி சுவரிலேயே ஒட்டிக்கொண்டது.

ஜூன் 8

ரூபிணியிடம், "பரீட்ச எழுத வேணாம்மா. தேவையில்ல" என்றேன்.

"எழுதறேன்பா."

"அதான் தைவானுக்கு இங்கிலீஷ் கேக்க மாட்டாங்களே."

"இங்கிலீஷ் வரல, அதான் சீனம் படிக்கப் போயிட்டான்னு பெரியப்பா வீட்டுல சொல்லுவாங்க. நீங்களும் ஒரு நாளு நெனப்பீங்க. பாஸ் பண்ணிட்டு முடிவு பண்ணலாம்."

நான் அப்படி நினைக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 14

விடியும் முன்பே காடி எடுத்தோம். ஜொகூர் பாருவுக்கு ஒன்றரை மணி நேரம். வழியில் ஒரு கடையில் பசியாறினோம். அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை.

"பயமா இருக்கா?"

"இல்ல. ஒன்னு கேக்கணும். இன்னிக்கி ஓரத்துல சீனத்துல எழுதிக்கலாமா? ரஃப் தாள் குடுப்பாங்க."

"எதுல வேணும்னாலும் எழுதிக்கம்மா."

அப்போதுதான் தோசையைத் தின்றாள்.

தேர்வு முடியும்வரை நான் வெளியே காடியில் இருந்தேன். மாதிரித் தேர்வுப் புத்தகத்தை எடுத்துவந்திருந்தேன். ஒரு கட்டுரையை மட்டும், நேரம் பார்க்காமல், ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பதின்மூன்று கேள்விகளில் பதினொன்று சரி. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 18

முடிவு வந்துவிட்டது. வாசித்தலில் ஏழு. மொத்தத்தில் ஆறரை. மருந்தியலுக்குப் போதும்.

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இப்பச் சொல்லுங்கப்பா. ரெண்டு கதவும் தொறந்திருக்கு. எங்க போறது?"

இந்தக் கேள்விக்காக நான் பத்து வாரம் அவளைத் தயார் செய்திருக்கிறேன். பதில் வாயில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். இருபதாம் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருப்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஜூன் 19

அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு. பாரத்தை எடுத்து வரச் சொன்னேன். லீலாவும் உட்கார்ந்தாள்.

"படி" என்றேன்.

"எதுலப்பா?"

"மொதல்ல சீனத்துல. அப்புறம் எனக்குப் புரியிற மாதிரி தமிழ்ல."

ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சீனத்தில் படிக்கும்போது அவள் குரல் வேறாக இருக்கிறது. கொஞ்சம் தாழ்ந்து, அவசரமில்லாமல், வீட்டுக்குள் நடக்கிற மாதிரி. தமிழில் சொல்லும்போது தடுமாறினாள். ஒரு சொல்லுக்கு லீலா உதவினாள். ஒரு சொல்லுக்கு நான் உதவினேன்: 'பாதுகாவலர்.'

நான்காம் பத்தியில், மாணவி தானாகவே பாடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பாதுகாவலர் அறிந்திருக்கிறார் என்று இருந்தது.

"இந்தப் பாடத்துல என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை.

யோசித்தாள். "ரெண்டாம் வகுப்புல நான் யார்கிட்டயும் பேச மாட்டேன். லைப்ரரில போய் உக்காந்துக்குவேன். அங்க இருந்த புக்கெல்லாம் படம் பாத்துப் பாத்துப் படிச்சேன். அதுல இருந்தவங்க மட்டுந்தான் எங்கிட்டப் பேசினாங்க. அவ்ளோதான்பா."

பழைய கையெழுத்தை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் புதிதாகப் போட்டுத் தேதி எழுதினேன். என்னிடம் இப்படிப் பாரம் வந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். தைவானிலும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். ரூபிணி உடனே அதை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினாள்.

லீலா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஜூலை 20

தைவானுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவளுடைய பழைய பள்ளியில் இன்று ஒரு விளக்கக் கூட்டம். லீலாதான் போவதாக இருந்தது. கடையில் கல்யாண மண்டபத்து வேலை அவசரம் என்று கூப்பிட்டுவிட்டார்கள். ரூபிணி காலையிலேயே உதவிக்குப் போய்விட்டாள். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மண்டப வாசலில் மேசை போட்டு, அதன் பின்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அப்பா! முழுக்கச் சீனத்துலதான் பேசுவாங்க. ரெண்டு மணி நேரம்."

"பரவால்ல. உக்காந்திருக்கேன்."

பெயர் அட்டையில் எழுத வேண்டும். அவள் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்து மூன்று எழுத்து எழுதினாள். சட்டையில் குத்திக்கொண்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஒங்க பேருதான்பா. சத்தத்துக்குக் கிட்ட வர எழுத்தாப் பாத்துப் போட்டேன். நல்ல அர்த்தம்தான்." பின்னால் வரிசை நின்றதால் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் முந்நூறு பேர் இருப்பார்கள். எல்லாரும் சிரிக்கும்போது எனக்கு ஏன் என்று தெரியவில்லை. எல்லாரும் எழுதும்போது நானும் பேனாவை எடுத்தேன், எழுத ஒன்றுமில்லை. பக்கத்திலிருந்த அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். தலையாட்டினேன். அவர் மறுபடி கேட்டார், அப்போது ஆட்டியது தவறு என்று புரிந்தது. அரை மணி நேரத்தில் சிறுநீர் முட்டியது. கழிவறை எங்கே என்று மலாயில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். எழுந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தைந்து வயது ஆண்.

அவளுக்கு அப்போது ஏழு வயது. இது மாதிரி ஒரு நாள் இல்லை, இரண்டு வருடம்.

கடைசியில் ஓர் ஆசிரியை மைக்கைப் பிடித்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். முதல் கேள்விக்குப் பாதிப் பேர் கை தூக்கினார்கள். நான் தாமதமாகத் தூக்கினேன். இரண்டாவதற்கும் அப்படியே. எப்போதும் கடைசியாகத் தூக்குவது அழகாக இல்லை. மூன்றாவது கேள்வியை அவர் முடித்ததும் முந்திக்கொண்டு உயரமாகத் தூக்கினேன்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. என் கை ஒன்றுதான் மேலே இருந்தது.

பிறகு கைதட்டினார்கள். முதலில் முன்வரிசை, அப்புறம் எல்லாரும். ஆசிரியை என் பெயர் அட்டையைப் பார்த்து மூன்று எழுத்தையும் மைக்கில் படித்தார். எழுந்து நின்று கும்பிட்டேன். வாசலில் என் மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

கழிவறைக்குப் போய்விட்டு வந்தேன். காடியில் ஏறியதும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பெல்ட்டுகூடப் போட முடியாமல் சிரித்தாள். என்னோடு அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்னம்மா கேட்டாங்க?"

"அடுத்த மாசம் வழியனுப்பு விருந்து இருக்கில்ல. அதுல பேரண்ட்ஸ் சார்பா யாரு பேசறீங்கன்னு."

"எந்த மொழியில?"

"எந்த மொழியிலப்பா பேசுவாங்க?" மறுபடியும் சிரிப்பு. "அஞ்சு நிமிஷம் பேசணும். முந்நூறு பேரு முன்னால."

நான் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தோளைத் தொட்டாள்.

"கவலப்படாதீங்க. நான் போய் டீச்சர்கிட்டச் சொல்லிடறேன். அப்பாவுக்குக் கேள்வி புரியல, தெரியாமத் தூக்கிட்டாருன்னு. ஒன்னும் நெனச்சிக்க மாட்டாங்க."

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள்.

"உக்காரும்மா" என்றேன். "தூக்கினது தூக்கினதுதான். மொத வரி எப்படி ஆரம்பிக்கணும், அதச் சொல்லு."